பந்துக்கு முன்னே ஓடுகிறவன்

வாண்ட்ரா வீட்டார்: பதினான்காம் அத்தியாயம்

சென்ற வாரம் ஜோலீனைச் சமையலறை மேசையில், கையில் ஓர் அட்டையோடு விட்டுவிட்டு வந்தோம். அவள் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். காப்பி ஆறி, மேலே ஆடை படிந்துவிட்டது.

அட்டை அவளுடைய அப்பா எமில் வாண்ட்ரா எழுதியது. இறப்பதற்கு நான்கு நாள் முன்பு, மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே, குடும்ப லீக்குக்காக அவர் எடுத்த கடைசி ஆட்டக்காரன் டாரியஸ் மீக்ஸ். அப்போது மீக்ஸுக்குப் பதினெட்டு வயது. ஜார்ஜியாவில் பள்ளிக்கூட மாணவன். எமில் ஜார்ஜியா பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அட்டையில் இருந்ததோ ஒரே வரி.

‘பந்துக்கு முன்னாலேயே ஓடுகிறான்.’

குடும்ப லீக்கைப் பற்றி இந்த வாரம்தான் வந்து சேர்ந்த வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாண்ட்ரா உறவுக்காரர்கள் பத்துப் பேர், நிஜமான பேஸ்பால் ஆட்டக்காரர்களைப் பெயரளவில் பங்குபோட்டு ஆளுக்கொரு கற்பனை அணி வைத்திருக்கிறார்கள். அங்கே அவன் மைதானத்தில் அடித்தால் இங்கே இவர்களுக்குப் புள்ளி. இருபத்தாறு வருஷமாக நடக்கிறது. இறந்தவரின் அணியை அவர் வீட்டார் மூன்று ஆட்டக்காலம் நடத்தலாம். மூன்றாவது முடிவில் கடைசி இடத்தில் இருந்தால் அணி கலைக்கப்படும், பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்படும். இது மூன்றாவது. எமிலின் அணி கடைசி இடத்தில் இருக்கிறது.

இன்று வியாழக்கிழமை. ஆள் மாற்றிக்கொள்ள மாலை ஆறு மணிவரைதான் நேரம்.

“முடிவு பண்ணிட்டியா?” என்று கேட்டாள் அம்மா லொரைன். கசகசா வைத்த கொலாச்சி ரொட்டிகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இன்னும் இல்லம்மா. முதல்ல அந்த மீக்ஸைக் கண்ணால பார்க்கறேன்.”

“பார்க்க என்ன இருக்கு? உங்க சித்தப்பா கேக்கறார்ல, குடுத்துத் தொலை. இல்ல, வெச்சுக்கிட்டு அழு. அந்த டீம் கலைஞ்சா நான் ஒண்ணும் ஒப்பாரி வைக்கப் போறதில்ல.”

“அம்மா!”

“என்ன அம்மா? மனுஷன் போய் ரெண்டரை வருஷம் ஆச்சு. திங்கக்கிழமை தவறாம ‘எமில் இந்த வாரம் மூணு புள்ளி இழந்தார்’னு கடுதாசி வருது. உயிரோட இருந்தப்பவே ஆட்டம் இருக்கிற நாள்ல எங்கிட்ட நாலு வார்த்தை பேசினதில்ல. இப்ப அங்க போயும் தோத்துக்கிட்டிருக்கார்.”

வெளியே கார் ஹாரன் கேட்டது. லென் சித்தப்பா. எமிலின் தம்பி, லீக்கின் நாட்டாமை. எதிலும் ஐந்து நிமிஷம் முன்னதாக வந்து நிற்கிற ஆள்.

“அண்ணி, டப்பாவை இப்படிக் குடுங்க. ஜோ சாப்பிட மாட்டா, கணக்குப் போடுவா,” என்றார் கார் ஜன்னல் வழியாக.

“உனக்குச் சர்க்கரை இருக்கு, லென்.”

“அதுக்கும் தெரியும் எனக்கு கொலாச்சி பிடிக்கும்னு.”

காரில் சித்தப்பா சுற்றிவளைக்கவில்லை.

“ஹாலினனைத் தர்றேன், கண்ணு. ஜூலைக்குள்ளயே இருபத்திநாலு ஹோம் ரன். அவன் ஒருத்தன் வந்தா போதும், நீங்க ஏழாவது இடம். அண்ணன் டீம் பிழைச்சுடும். எனக்கு மீக்ஸ் மட்டும் போதும்.”

“மீக்ஸால இந்த வருஷம் உங்களுக்கு ஒத்தைப் புள்ளி வராதே. அவன் இன்னும் சின்ன லீக்ல ஆடறான்.”

“வருங்காலத்துக்குத்தான்.”

“உங்களுக்கு அறுபத்தஞ்சு வயசு. ரத்தக்கொதிப்பு வேற.”

“அதான் சீக்கிரமா கேக்கறேன்.”

ஜோலீன் சிரிக்கவில்லை. அவள் தானியக் கிடங்கில் லாரி எடை பார்க்கிறவள். எண்ணாக எழுதிவைக்காத எதையும் அவள் நம்புவதில்லை. மீக்ஸைப் பற்றிய எண்களை மூன்று வாரமாக நோட்டில் எழுதி வைத்திருந்தாள். நூறு தடவை மட்டை பிடித்தால் முப்பத்தொரு தடவை ஸ்டிரைக் அவுட், அதாவது அடிக்க முடியாமலே வெளியேறுகிறான். அது மோசம். கெட்ட பந்துகளை விட்டுவிட்டு நடந்தே முதல் தளத்துக்குப் போவது நூற்றுக்குப் பதினான்கு. அது நல்ல கண். மட்டையில் பட்டால் மணிக்கு நூற்றுப் பதினோரு மைல் வேகத்தில் பறக்கிறது. பிட்ச்சர் அசந்த நேரம் ஓடித் திருடிய தளங்கள் இருபத்திரண்டு. தன்னைவிட மூன்று வயது மூத்தவர்களோடு ஆடுகிறான். இப்படிப்பட்ட பையன்கள் பத்துப் பேரில் இரண்டு பேர் பெரியவனாவார்கள். எட்டுப் பேர் இருபத்தாறு வயதில் அப்பா கடையில் டயர் விற்பார்கள்.

“எண்ணைப் பார்த்தா நான்கூடக் கொடுத்துடுவேன் சித்தப்பா. ஆனா நீங்க ஏன் இவ்வளவு ஆசைப்படறீங்க? அதுதான் எனக்குப் புரியல.”

பாலம் தாண்டும்வரை அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார்.

“நீயே பாரு,” என்றார்.

ஹார்லன் லேண்டிங் மைதானம் மிசிசிப்பியை ஒட்டி இருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் ஆற்றிலிருந்து ஈசல் கிளம்பியிருந்தது. படிகளிலும் நாற்காலிகளுக்கு அடியிலும் செத்த ஈசல், விரற்கடை ஆழத்துக்கு. பெருக்குகிறவர்கள் பனி அள்ளும் ஷவலால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். காலை எடுத்து வைத்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம்.

பகல் பன்னிரண்டு மணி ஆட்டம், மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். கோடை முகாம் குழந்தைகள் எழுநூறு பேர் வரவேண்டியது. வெயில் எச்சரிக்கையால் பேருந்துகளை ரத்து செய்துவிட்டார்கள். மொத்தம் நூறு பேர் இருந்தால் அதிகம். கொடிகள் அசையவில்லை. ஒலிபெருக்கியில் ஆட்டக்காரர்களின் பெயரைச் சொன்னவனே, அந்த அமைதிக்குப் பயந்த மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

அவர்களுடைய இடம் மட்டைக்காரனுக்கு நேர் பின்னால், ஒன்பதாவது வரிசை. எமில் வருஷா வருஷம் மூன்று நாற்காலி வாங்குவார்: மகளுக்கு ஒன்று, நடுவில் தனக்கு ஒன்று, ஒருநாளும் வராத மனைவிக்கு ஒன்று. லொரைனுடைய நாற்காலியில் லென்தான் உட்காருவது வழக்கம். இன்றும் அப்படியே உட்கார்ந்தார்கள். நடு நாற்காலியில் பையைக்கூட வைக்கவில்லை.

ஜோலீன் நோட்டில் மூன்று கட்டம் போட்டாள்.

“என்ன எழுதறே?”

“பிட்ச்சர் வீசறது எப்ப, மட்டையில படறது எப்ப, மீக்ஸ் காலை எடுக்கறது எப்ப. அப்பா எழுதினது நிஜமான்னு பார்க்கணும்.”

நடு மைதானத்தில், நானூறு அடிக்கு அப்பால், ஒல்லியாக உயரமாக நின்றான் மீக்ஸ். இரண்டாவது இன்னிங்ஸில் முதல் பந்து அவன் பக்கம் போனது. ஜோலீன் தான் தவறாகப் பார்த்துவிட்டதாக நினைத்தாள். மூன்றாவதில் இன்னொன்று. இந்தத் தடவை பந்தைப் பார்க்காமல் அவன் காலையே பார்த்தாள். பந்து பிட்ச்சர் கையைவிட்டுக் கிளம்பி, மட்டைக்கு இன்னும் வந்து சேரவில்லை. மீக்ஸ் இடப்பக்கம் இரண்டு அடி போயிருந்தான்.

நான்காவதில் எதிரணியின் தடியன் ஒருவன் உடம்பெல்லாம் சுழற்றி அடித்தான். அடித்த சத்தத்துக்கு எல்லோரும் பின்னால் ஓடினார்கள். மீக்ஸ் மட்டும் முன்னால் வந்துகொண்டிருந்தான், அதுவும் அடிக்கும் முன்பே. பந்து மட்டையின் நுனியில் பட்டிருக்கிறது. அரைத் தூரத்தில் தொப்பென்று இறங்கியது. ஓடாமல், நடந்துவந்து, முழங்கால் உயரத்தில் வாங்கிக்கொண்டான்.

ஆறாவது முடிவதற்குள் ஐந்து பந்து. ஐந்திலும் கால்தான் முந்தியது.

“இதுல ஒண்ணுக்கும் நம்ம லீக்ல புள்ளி கிடையாது,” என்றார் சித்தப்பா. “பிடிச்சா சைபர். அடிச்சாத்தான் கணக்கு.” அவர் குரலில் கேலி இல்லை. “ஜோ, அவன் காலைப் பார்த்தது போதும். அவன் கண்ணைப் பாரு. ஒவ்வொரு பந்துக்கும் முன்னாடி எங்க பார்க்கறான்?”

பார்த்தாள். மற்றவர்கள் மட்டையைப் பார்த்தார்கள். மீக்ஸின் முகம் மட்டைக்குச் சற்று மேலே, நேராக இந்த வரிசையைப் பார்த்து நிமிர்ந்திருந்தது.

“நம்மளையா பார்க்கறான்?”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். மே மாசம் தனியா நாலு தடவை வந்தேன். நாலாவது தடவை எழுந்து அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்ல. இங்கேயேதான் பார்த்தான். வரிசை மொத்தமும் காலி.”

ஜோலீனுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. வலது கையில் மட்டும் வியர்வை இல்லை. அந்தக் கை நடு நாற்காலிப் பக்கம் இருந்தது. அதை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

மீக்ஸ் மூன்று தடவை மட்டை பிடித்தான். ஒரு தடவை நடந்தான், இரண்டு தடவை ஸ்டிரைக் அவுட். சுழன்ற பந்துக்குத் துழாவிய விதம் மிகச் சாதாரணம்.

“மட்டை பிடிக்கும்போது இந்த வரிசை அவன் முதுகுக்குப் பின்னால போயிடுது பாரு,” என்றார் சித்தப்பா மெதுவாக.

ஏழாவது இன்னிங்ஸில் பக்கத்துப் படியில் நொறுங்குகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக, நிதானமாக, கீழ்நோக்கி. பெருக்குகிறவர் என்று நினைத்துத் திரும்பினாள். படியில் யாரும் இல்லை. சத்தம் ஒன்பது படியும் இறங்கி வாசல் பக்கம் போய் நின்றது.

அடுத்த பந்து நடு மைதானத்துக்குப் போனது. மட்டையில் பட்டு, மேலே எழும்பி, எல்லோரும் அண்ணாந்து பார்த்த பிறகுதான் மீக்ஸ் ஓடத் தொடங்கினான். எட்டவில்லை. பந்து சுவரில் மோதித் திரும்பியது. அவன் அதை எடுத்துக்கூட எறியாமல் ஒரு கணம் இவர்கள் வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜோலீன் நோட்டில் எழுதினாள்: ‘பின்னால். முதல் தடவை.’

ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் வேலி ஓரம் கையெழுத்துப் போட வருவார்கள். கையெழுத்துக் கேட்க இரண்டே பேர் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்து ஜோலீன் பக்கத்தில் போனாள். சித்தப்பா காரை எடுக்கப் போயிருந்தார்.

மீக்ஸ் தொப்பியைக் கழற்றினான். தெற்கத்திப் பிள்ளை, மரியாதை தெரிந்தவன்.

“மேடம், உங்கப்பா இன்னிக்குச் சீக்கிரமே கிளம்பிட்டாரே? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “எங்கப்பாவா?”

“உங்களுக்கும் அந்தப் பெரியவருக்கும் நடுவுல இருந்தாரே. உங்கப்பாதானே? மூக்கு அப்படியே இருக்கே.”

“அவர்... அவர் அங்க என்ன பண்ணுவார்?”

“பென்சிலைச் சாய்ப்பார்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “எங்க கோச்சுக்குச் சொல்லிடாதீங்க, நானா கண்டுபிடிக்கறேன்னு நினைச்சுக்கிட்டிருக்கார். ஏப்ரல் மாசம் இங்க வந்த முதல் நாள் வெயில்ல ஒரு பந்தைத் தொலைச்சேன். அவர் எழுந்து நின்னு காட்டினார். அன்னிலேர்ந்து பார்க்கறேன். இடது பக்கம் சாய்ச்சா இடது, வலதுன்னா வலது. மடியில குத்தினா முன்னாடி வரணும். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல.”

“எந்தக் கையில பிடிப்பார்?”

“இடது. மோதிர விரல் பாதிதான் இருக்கு. அதான் பென்சிலை ஒரு தினுசாப் பிடிப்பார்.”

அப்பாவுக்குப் பத்தொன்பது வயதில் சோளம் அறுக்கும் இயந்திரத்தில் போன விரல் அது.

“நானூறு அடி தள்ளி நிக்கறே. விரல் தெரியுமா?”

மீக்ஸ் யோசித்தான். அதுவரை அவனும் அதை யோசித்ததில்லை போலிருக்கிறது. “மத்தவங்க முகமெல்லாம் புள்ளியாத்தான் தெரியுது,” என்றான். பிறகு தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “மேடம், அவருக்கு ஒரு சேதி சொல்லணும். என்னை ஒரு படி மேலே ஏத்திட்டாங்க. இப்பத்தான் சொன்னாங்க. நாளைக்குக் கோர்லிஸ்ல ஆட்டம். நல்லா ஆடினா செப்டம்பர்ல பெரிய டீம்னு கோச் சொல்றார். அவரால அங்க வர முடியுமான்னு கேளுங்களேன். அவர் இல்லைன்னா எப்படி இருக்கும்னு ஏழாவதுல பார்த்தீங்கல்ல.”

இறந்துபோனவர் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். “கேக்கறேன்,” என்றாள்.

காரில் ஏறியதும் அவள் முதலில் செய்தது, மேலே ஏற்றிய செய்தியைச் சித்தப்பாவிடம் சொன்னதுதான். மைதானத்தில் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மறைத்துப் பேரம் பேசக் கூடாது என்பது எமில் போட்ட விதி. அந்த விதிப்படி மற்றதையும் சொல்லியிருக்க வேண்டும். ஒரு பையன் வெயிலில் கண்ட கனவு, இதைப் போய்ச் செய்தி என்று சொல்வதா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். அந்தக் கேள்வியில் கொஞ்சம் கள்ளம் இருந்தது. அவளுக்கே தெரிந்தது.

சித்தப்பா ஸ்டியரிங்கைத் தட்டினார். “கோர்லிஸா! அப்படின்னா அவன் விலை ஏறிப்போச்சு. சரி, ஹாலினனோட ஒரு பிட்ச்சரும் சேர்த்துத் தர்றேன். இதுக்கு மேல கேட்டேன்னா நான் டயர் விக்கத்தான் போகணும்.”

“அம்மாவும் சம்மதிக்கணும். டீம் ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு.”

“அண்ணிதானே? கொளுத்திடுன்னு சொல்லுவாங்க.”

நாலு மணிக்கு அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

அம்மா சமையலறையில் இருந்தாள். சாயங்காலச் சாப்பாட்டுக்கு மேசையில் தட்டு வைத்திருந்தாள். மூன்று தட்டு.

“யாரும்மா வர்றாங்க?”

லொரைன் கடைசிக் கரண்டியையும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். “ஏழாவது இன்னிங்ஸ் எத்தனை மணிக்கு நடந்தது?” என்று கேட்டாள்.

ஏழாவதைப் பற்றி ஜோலீன் இன்னும் வாயே திறக்கவில்லை. “ரெண்டு மணி சுமாருக்கு. ஏம்மா?”

“ரெண்டரைக்குப் பின்கதவு திறந்தது. உங்கப்பா எப்பவும் ஏழாவதுல கிளம்பி நடந்தே வந்துடுவார், கூட்டத்துல மாட்டிக்கக் கூடாதுன்னு. அரை மணி நேரம். நீதான்னு நினைச்சுக் குரல் கொடுத்தேன். பின்னறை நாற்காலி கிறீச்சுன்னுது. அப்புறம் நான் போய்ப் பார்க்கல.”

“பார்க்கலையா?”

“பார்த்து, இல்லைன்னு ஆயிட்டா?”

இருவரும் உட்கார்ந்தார்கள். ஜோலீன் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்: கால், கண், பென்சில், பாதி விரல், கோர்லிஸ். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் பின்னால், யாரோ இருக்கிற அறைக்கு இருக்குமே ஒரு கனம், அது இருந்தது.

“அந்தப் பையன் நம்ம டீம்ல இருக்கறவரைக்கும் இவர் அவன் பின்னாடியே போவார்,” என்றாள் அம்மா கடைசியில். “நாப்பது வருஷம் போனார். செத்தப்புறம் இன்னிக்குத்தான் வீட்டுக்கு வந்திருக்கார். அவனைக் குடுத்துடு, ஜோ. அவன் கோர்லிஸ் போகட்டும். ஹாலினன் டி.வி.லயே வருவான், இங்க உட்கார்ந்தே பார்க்கலாம். டீமும் இருக்கும். இவரும் இருப்பார்.”

காலையில் அணி கலைந்தால் அழ மாட்டேன் என்றவள். ஜோலீன் கணினியைத் திறந்து தன் பெயருக்கு எதிரே சம்மதம் போட்டாள். அப்பா எடுத்த கடைசி ஆட்டக்காரன். ஆனால் அவருடைய அணி பிழைக்கும், அவர் பெயர் பட்டியலில் இருக்கும். அதற்காகத்தானே மூன்று வருஷமாகப் பாடுபட்டாள்?

லொரைன் கைகளை மேல்துணியில் துடைத்துக்கொண்டு வந்து, ஒற்றை விரலால் தன் சம்மதத்தை அழுத்தினாள். ஐந்து ஐம்பத்திரண்டு. திரையில் வந்தது: ‘மீக்ஸ் – லெனர்ட் வாண்ட்ராவின் அணி.’

உடனே லொரைன் தலையை நிமிர்த்தினாள். ஃப்ரிட்ஜ் ஓசை நின்ற பிறகுதான் அதுவரை ஓசை இருந்தது தெரியவரும் இல்லையா, அந்த மாதிரி. அவள் எழுந்துபோய்ப் பின்னறைக் கதவைத் திறந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே போகவில்லை.

டெலிபோன் அடித்தது.

“ஜோ, நான்தான். பார்த்தேன், மாறிடுச்சு, ரொம்ப சந்தோஷம்.” சித்தப்பாவின் குரலுக்குப் பின்னால் ஏதோ விடாமல் மணி அடித்துக்கொண்டிருந்தது. “நான் நெடுஞ்சாலையில இருக்கேன். மனசு கேக்கல, கோர்லிஸுக்கே கிளம்பிட்டேன். நாளைக்கு அவன் முதல் ஆட்டத்தைப் பார்த்துடணும்.”

“அது என்ன சத்தம், சித்தப்பா?”

“அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன். வண்டி கெட்டுப்போச்சோ என்னமோ. சீட் பெல்ட் போடலைன்னு அடிக்குது. நான் போட்டிருக்கேன். பக்கத்து சீட்டுக்குத்தான் அடிக்குது. அதுல கொலாச்சி டப்பாகூட இல்ல, பின்னாடி வெச்சுட்டேன். ஓரமா நிறுத்தி அணைச்சுப் பார்த்தேன். மறுபடி அடிக்குது.”

“எப்பலேர்ந்து?”

“இப்பத்தான். ஆறுக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது.”

மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜோலீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

“பக்கத்து பெல்ட்டை இழுத்து மாட்டி விடுங்க, சித்தப்பா.”

“யாருக்குடி?”

“மாட்டி விடுங்க.”

துணிப்பட்டை இழுபடும் சத்தம் வந்தது. அது பாதியில் சற்று நின்று, எதையோ சுற்றிக்கொண்டு போவதுபோல் மெல்ல நகர்ந்தது. கொக்கி விழுந்தது. மணி நின்றுவிட்டது. பிறகு வண்டி கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது.

லொரைன் பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு மேசைக்கு வந்தாள். மூன்றாவது தட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

“எந்த வழியாப் போறாங்களாம்?” என்று கேட்டாள்.